கப்பலுக்குச் சொன்ன சேதி

வங்கக் கடலில் தாழ்வு மண்டலம் ஒன்று உருவானால் மறுநாள் நாளிதழில் ஒரு செய்தி தவறாமல் வரும்: நாகை, கடலூர், புதுச்சேரி துறைமுகங்களில் 3-ஆம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றம். எண் கூடக்கூட ஆபத்தும் கூடுகிறது என்றே பெரும்பாலோர் அதைப் படிக்கிறார்கள். அது பாதிதான் சரி. 1, 2 தொலைவில் கடலில் உள்ள புயலைச் சொல்பவை; 3, 4 துறைமுகத்தை நெருங்கும் மோசமான வானிலையைச் சொல்பவை. ஆனால் 5, 6, 7 மூன்றும் ஒரே வலுவுள்ள புயலுக்கு உரியவை. துறைமுகத்தைத் தன் இடப்புறம் விட்டுப் புயல் கரை கடந்தால் 5, வலப்புறம் விட்டுக் கடந்தால் 6, துறைமுகத்தின் மேலோ வெகு அருகிலோ கடந்தால் 7. கடும் புயலுக்கு இதே வரிசை 8, 9, 10 என்று திரும்ப வருகிறது. இந்த ஏற்பாட்டில் ஊர் இல்லை, வயல் இல்லை, மழைகூட இல்லை. நம் கடற்கரையின் வானிலை அறிவிப்பு மாலுமிக்காகப் பிறந்தது; கரையில் வாழ்ந்தவர்கள் அதை ஒட்டுக்கேட்டே பழகினார்கள் என்பதுதான் என் வாதம்.

சென்னைக்கு 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி வரை ஒதுங்க ஒரு துறைமுகம் கிடையாது. கப்பல்கள் திறந்த கடலில் நங்கூரமிட்டு நிற்க, ஆளும் சரக்கும் மசூலாப் படகுகளில் அலையைத் தாண்டிக் கரை சேர்ந்தார்கள். 1746 அக்டோபரில், சென்னையைப் பிடித்த கையோடு நின்றிருந்த பிரெஞ்சுத் தளபதி லா பூர்தொனேயின் கப்பல்கள் புயலில் சிக்கிச் சிதறின. அப்படி நிற்கும் கப்பலுக்குப் புயலில் ஒரே வழி, நங்கூரத்தைக் கைவிட்டு ஆழ்கடலுக்குப் போய்விடுவது. எப்போது போக வேண்டும் என்பதுதான் காசுக்குரிய கேள்வி. 1864 அக்டோபரில் கல்கத்தாவைத் தாக்கிய புயல் பல்லாயிரம் உயிர்களையும் ஹூக்ளி ஆற்றில் நின்ற ஏராளமான கப்பல்களையும் கொண்டுபோனது. மறு ஆண்டே அங்கே துறைமுக எச்சரிக்கை முறை தொடங்கியது. கீழைக் கடற்கரையின் மற்றத் துறைமுகங்களுக்கும் அது பரவி, 1898-இல் நாட்டின் துறைமுகங்கள் அனைத்துக்கும் ஒரே சீரான முறையானது. பகலில் கூம்பும் உருளையும், இரவில் சிவப்பு வெள்ளை விளக்குகளும் கொண்ட அந்த முறையில் பெரிய மாற்றம் இன்றுவரை இல்லை.

இடம் வலம் ஏன் அவ்வளவு முக்கியம்? வட அரைக்கோளத்தில் புயற்காற்று கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் சுழல்கிறது. கிழக்கிலிருந்து வரும் புயல் துறைமுகத்துக்கு வடக்கே கரை கடந்தால், துறைமுகம் அதன் இடப்புறம். அங்கே காற்று நிலத்திலிருந்து கடலுக்கு வீசும், கப்பல் வெளியே தள்ளப்படும். தெற்கே கடந்தால் துறைமுகம் வலப்புறம். காற்று கடலிலிருந்து கரைக்கு அறையும், கப்பல் தரை தட்டும், கடலும் ஊருக்குள் ஏறும். ஆக 5-க்கும் 6-க்கும் இடையே உள்ளது ஓர் எண் அல்ல, திசையே தலைகீழ். இதில் இன்னொரு நுணுக்கமும் உண்டு. உள்ளூர்ச் சிறு கலங்கள் மட்டும் வந்துபோகும் துறைமுகங்களுக்கென ஒரு சுருக்க முறை இருக்கிறது. அதில் 3, 4, 7, 10, 11 மட்டுமே ஏற்றப்படும். திசை சொல்லும் எண்கள் சிறு படகுக்காரருக்குத் தேவையில்லை என்று முடிவு செய்துவிட்டார்கள். யாரை மனத்தில் வைத்து இது அமைக்கப்பட்டது என்பதற்கு வேறு சாட்சி எதற்கு?

பஞ்சமும் வானிலைத் துறையை வளர்க்கவில்லையா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. 1875-இல் பிளான்ஃபோர்டின் தலைமையில் இந்திய வானிலை ஆய்வுத் துறை தொடங்கிய மறு ஆண்டே சென்னை மாகாணத்தைப் பெரும் பஞ்சம் பிடித்தது. இமயப் பனியை அடிப்படையாகக் கொண்டு அவர் பருவமழையைக் கணிக்க முயன்றதும், 1886 முதல் நீண்டகால முன்னறிவிப்பு ஒழுங்காக வெளிவந்ததும் உழவரையும் வருவாயையும் கருதித்தான். ஆனால் அது தென்மேற்குப் பருவமழைக்கான கணிப்பு. தமிழகத்துக்கு ஆண்டு மழையில் ஏறக்குறைய பாதியைத் தருவது அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழை. 1790-களிலேயே வானிலைக் குறிப்பு எடுக்கத் தொடங்கிய நுங்கம்பாக்கம் வானாய்வகம் சென்னையிலேயே இருந்தும், இந்த மழைக்குக் கடற்கரை மக்கள் கேட்டுப் பழகிய அறிவிப்பு துறைமுகக் கூண்டாகவே இருந்தது.

அதன் விலையை அண்மையிலும் கொடுத்தோம். 2015 டிசம்பர் 1-ஆம் தேதி சென்னைப் புறநகரை மூழ்கடித்தது புயலே அல்ல. தாம்பரத்தில் ஒரே நாளில் 49 செ.மீ. மழை பெய்தது, அதைச் சொல்ல எந்தக் கூண்டிலும் எண் கிடையாது. 2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யம் அருகே கரை கடந்து, பட்டுக்கோட்டை, பேராவூரணி தென்னந்தோப்புகளையெல்லாம் சாய்த்துவிட்டு உள்நாட்டுக்குள் போனது. தோப்புக்காரர் துறைமுகக் கூண்டைப் பார்த்து என்ன செய்திருக்க முடியும்?

அப்படியானால் ரேடாரும் கைபேசியும் உள்ள காலத்தில் கூண்டை இறக்கிவிடலாமே என்பார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. சென்னைக்கு 2002-இல் டாப்ளர் ரேடார் வந்தது; மாவட்டவாரியாக மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று மழை எச்சரிக்கையும் வருகிறது. நிலத்தில் இருப்பவர் பார்க்க வேண்டியது அவற்றைத்தான். துறைமுகத்தில் நிற்கும் கப்பலுக்குக் கூண்டு சொல்வது இன்றும் பிசகில்லாத சேதி. பிழை கூண்டில் இல்லை. அதன் எண்ணைப் பொருள் சொல்லாமல் தலைப்பாக்கும் நம் செய்தியறைகளில் இருக்கிறது. எண்ணோடு, புயல் எந்தப் பக்கம் கடக்கும், காற்று எங்கிருந்து வீசும் என்று ஒரு வரி சேர்த்துப் போடுங்கள். இடம் ஒன்றும் குறைந்துவிடாது. 11-ஆம் எண்ணையும் அப்போது விளக்கிவிடலாம். புயல்களிலேயே பெரியது என்று பலர் நினைக்கும் அந்த எண்ணின் பொருள், எச்சரிக்கை மையத்தோடு தொடர்பு அறுந்துவிட்டது, உள்ளூர் அதிகாரி மோசமான வானிலையை எதிர்பார்க்கிறார் என்பது மட்டுமே.