காலடியில் ஓர் ஊர்: அம்வாஸும் ஒரு கைப்பேசி வரைபடமும்

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.

2020ஆம் ஆண்டில் பள்ளிவாசல்கள் பூட்டப்பட்டு, ஜும்ஆ இல்லாத வெள்ளிக்கிழமைகள் கடந்துகொண்டிருந்தபோது, நம் ஆலிம்கள் ஒரு வரலாற்று நிகழ்வை மீண்டும் மீண்டும் நினைவூட்டினார்கள். கலீஃபா உமர் (ரலி) அவர்கள் ஷாம் தேசத்தை நோக்கிப் புறப்பட்டு, அங்கே கொள்ளைநோய் பரவியிருப்பதை அறிந்து பாதி வழியிலேயே மதீனாவுக்குத் திரும்பிய நிகழ்வு அது. அந்த நோய்க்கு வரலாற்றில் வழங்கும் பெயர் 'தாஊன் அம்வாஸ்'. அம்வாஸ் என்பது ஓர் ஊரின் பெயர் என்பதை நாம் அறிவோம். ஆனால் அந்த ஊர் எங்கே இருக்கிறது என்று நம்மில் எத்தனை பேர் தேடிப் பார்த்திருப்போம்?

தேடிப் பார்த்தால், ஜெருசலேமிலிருந்து யாஃபா செல்லும் பழைய பாதையில், மலைகள் முடிந்து சமவெளி தொடங்கும் இடத்தில், ஊருக்குப் பதிலாக ஒரு பூங்காவே நமக்குக் கிடைக்கும். அந்தப் பூங்காவின் பெயர் 'கனடா பூங்கா'. மர நிழலில் குடும்பங்கள் அமர்ந்து உணவருந்துகின்றன. மிதிவண்டி ஓட்டுவோர் கடந்து செல்கின்றனர். ஓர் ஊர் எவ்வாறு பூங்காவாயிற்று என்பதும், அந்த ஊரை மீண்டும் அதே மண்ணில் காண ஒரு கைப்பேசி எவ்வாறு துணைபுரியக்கூடும் என்பதுமே இக்கட்டுரையின் பொருள்.

ஹிஜ்ரி 18

ஷாம் வெற்றிகொள்ளப்பட்ட காலத்தில் அம்வாஸ் முஸ்லிம் படையின் பாசறையாக விளங்கியது. ஹிஜ்ரி 18இல், அதாவது கி.பி. 639ஆம் ஆண்டு வாக்கில், அங்கு தோன்றிய கொள்ளைநோய் ஷாம் முழுவதும் பரவியது. சுமார் 25,000 பேர் மடிந்ததாகப் பழைய வரலாற்றாசிரியர்கள் குறிப்பிடுகின்றனர். படைத்தலைவர் அபூ உபைதா இப்னுல் ஜர்ராஹ் (ரலி), அவருக்குப் பின் பொறுப்பேற்ற முஆத் இப்னு ஜபல் (ரலி), யஸீத் இப்னு அபீ சுஃப்யான் (ரலி), ஷுரஹ்பீல் இப்னு ஹஸனா (ரலி) ஆகிய நபித்தோழர்கள் அந்த நோயில் உயிர்நீத்தனர்.

கலீஃபா திரும்பிச் செல்ல முடிவெடுத்தபோது, இறைவனின் விதியிலிருந்து தப்பி ஓடுவதா என்று வினவியவர் அபூ உபைதா (ரலி) அவர்களே. இறைவனின் ஒரு விதியிலிருந்து அவனுடைய மற்றொரு விதிக்கே செல்வதாக உமர் (ரலி) அவர்கள் விடையளித்தார்கள். நோயுள்ள ஊருக்குள் நுழையவேண்டாம், நோய் கண்ட ஊரிலிருந்து தப்பி வெளியேறவேண்டாம் என்ற நபி (ஸல்) அவர்களின் வழிகாட்டலை அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவர்கள் வந்து அறிவித்ததும் அச்சமயத்தில்தான். நம் மார்க்கச் சட்டத்தின் ஒரு முக்கியமான பாடம் இந்த ஊரின் பெயரோடு பிணைந்திருக்கிறது.

முகத்தஸி கண்ட ஊர்

ஏறத்தாழ மூன்றரை நூற்றாண்டுகளுக்குப் பின், ஜெருசலேமில் பிறந்த புவியியலாளர் அல்-முகத்தஸி தம் நூலில் அம்வாஸைப் பதிவு செய்கிறார். முற்காலத்தில் அது அம்மாகாணத்தின் தலைநகராக இருந்ததாகக் கூறப்படுவதையும், கிணற்று நீரையும் சமவெளியையும் நாடி மக்கள் அங்கிருந்து இடம்பெயர்ந்ததையும் அவர் சொல்கிறார். தாம் சுற்றிப் பார்த்த நாடுகளுக்கு வரைபடங்களும் தீட்டிய அவர், அவற்றில் வழிகளைச் சிவப்பிலும், மணற்பரப்பை மஞ்சளிலும், உப்புக் கடலைப் பச்சையிலும், ஆறுகளை நீலத்திலும் காட்டியதாகத் தம் முறையையும் விளக்கிச் செல்கிறார். நடந்து பார்ப்பதும், பார்த்ததை வரைந்து வைப்பதும் அவருக்கு ஒரே பணியின் இரு பகுதிகள்.

அதன்பின் அம்வாஸ் ஒரு சிற்றூராகவே நெடுங்காலம் வாழ்ந்தது. உரோமானியர் காலக் குளியல் மண்டபம் ஒன்று அங்கே 'ஷெய்கு உபைத் மகாம்' என்று வழங்கப்பட்டது. ஊர் மக்கள் அதனை அபூ உபைதா (ரலி) அவர்களின் நினைவோடு இணைத்துப் போற்றி வந்தனர். அருகில் பைஸாந்தியக் கிறிஸ்தவ ஆலயம் ஒன்றின் இடிபாடுகளும் உண்டு. 'இம்வாஸ்' என்று பேச்சுவழக்கில் மருவிய அந்த ஊரில், 1945ஆம் ஆண்டின் பிரிட்டிஷ் புள்ளிவிவரப்படி 1,450 முஸ்லிம்கள் வாழ்ந்தனர்.

ஆட்சியாளர் வரைந்தவை

அந்த ஊரை அளந்து தாளில் ஏற்றியவர்கள் அதன் நலம் நாடியவர்கள் அல்லர். 1871 முதல் 1877 வரை பிரித்தானிய இராணுவப் பொறியாளர்கள் மேற்குப் பாலஸ்தீனத்தை அளந்தனர். பிற்காலத்தில் சூடானில் படை நடத்திய கிச்சனரும் அவர்களுள் ஒருவர். 1880இல் அவர்களது வரைபடம் 26 தாள்களில் வெளிவந்தது. பைபிள் ஆராய்ச்சி அதன் வெளிப்படையான நோக்கம். இராணுவத்தின் தேவை அதன் உள்ளே இருந்தது. 1917க்குப் பின் நாட்டைக் கைக்கொண்ட பிரித்தானியர் ஒரு நில அளவைத் துறையை நிறுவி, 1:20,000 என்ற அளவையில் தாள் தாளாக நாட்டை வரைந்தனர். நில உரிமையை வகுப்பதும் வரி விதிப்பதும் அவர்களது குறிக்கோளாக இருந்தன.

ஆயினும் இறைவனின் ஏற்பாட்டைப் பாருங்கள். ஆள்வதற்காக வரையப்பட்ட அதே தாள்களில் ஊற்றுகள், கிணறுகள், பழத்தோட்டங்கள், மகாம்கள், அடக்கத்தலங்கள், குன்றுகளின் பெயர்கள் யாவும் பதிந்துவிட்டன. 1948இல் 400க்கும் மேற்பட்ட ஊர்கள் மக்களின்றிப் போனபின், புதிய அரசு அந்தப் பிரித்தானியத் தாள்களையே எடுத்து, அவற்றின்மீது ஹீப்ரு எழுத்துகளைக் கூடுதலாக அச்சிட்டுப் பயன்படுத்தியது. அழிந்த ஊர்களின்மேல் 'இடிக்கப்பட்டது' என்று பொருள்படும் ஒற்றைச் சொல் பொறிக்கப்பட்டது. அரபுப் பெயர்களுக்குப் பதிலாகப் புதுப்பெயர் சூட்ட 1949இலிருந்து அரசுக் குழுக்கள் அமைக்கப்பட்டன. காலப்போக்கில் பழைய பெயர்கள் புதிய வரைபடங்களில் இடம்பெறாமலே போயின.

1967 ஜூன்

1948இல் யோர்தான் வசம் இருந்ததால் அம்வாஸ் அப்போது தப்பியது. 1967 ஜூன் போரில் இஸ்ரேலியப் படை அதனைக் கைப்பற்றியதும், அம்வாஸ், யாலூ, பெய்த் நூபா ஆகிய மூன்று ஊர்களின் மக்களும் வெளியேற்றப்பட்டு, வீடுகள் தரைமட்டமாக்கப்பட்டன. பெய்த் நூபாவின் இடிப்பை நேரில் கண்ட இஸ்ரேலியப் படைவீரரும் எழுத்தாளருமான அமோஸ் கெனான் தாம் கண்டதை எழுதி வைத்தார். 1970களில், கனடாவில் திரட்டப்பட்ட நன்கொடையைக் கொண்டு, யூத தேசிய நிதியம் அங்கே பூங்கா அமைத்தது. பூங்காவின் அறிவிப்புப் பலகைகள் உரோமானியரையும் பிறரையும் பற்றிப் பேசின; 1967 வரை அங்கே குடியிருந்தவர்களைப் பற்றி எதுவும் சொல்லவில்லை.

இதை எதிர்த்து முறையிட்டது 'ஸொஃக்ரோத்' என்னும் அமைப்பு. 2002இல் தோன்றிய இது, 1948இன் நக்பாவைத் தம் சொந்தச் சமூகத்தார்க்கு எடுத்துரைக்க இஸ்ரேலியர் நிறுவியது. அதன் பெயருக்கு 'நினைவுகூர்வோர்' என்று பொருள். அவர்கள் நீதிமன்றத்தை நாடியதன் விளைவாக, ஊர்களின் பெயரைத் தாங்கிய பலகைகள் 2006இல் நிறுவப்பட்டன. ஆனால் விரைவிலேயே அவை சேதப்படுத்தப்பட்டன.

மண்ணில் நட்ட பலகையைப் பிடுங்க ஒருவனின் கை போதும். அப்படியானால், எந்தக் கையும் எட்டாத இடத்தில் அந்தப் பலகையை எங்கே நடுவது?

கைப்பேசியில் ஒரு பழைய நிலம்

2014 மே மாதத்தில் ஸொஃக்ரோத் 'ஐ-நக்பா' என்ற கைப்பேசிச் செயலியை வெளியிட்டது. அரபு, ஹீப்ரு, ஆங்கிலம் ஆகிய மூன்று மொழிகளில் அமைந்த அச்செயலி, அழிக்கப்பட்ட ஊர்களை இன்றைய வரைபடத்தின்மேல் குறித்துக் காட்டியது. அவ்வூர்களின் வரலாற்றைச் சுருக்கமாகத் தந்தது. அங்கே செல்ல வழிகாட்டியது. பயனர்கள் தங்கள் படங்களையும் நினைவுகளையும் அதில் சேர்க்க முடிந்தது. 2018இல் 'பாலஸ்தீனத் திறந்த வரைபடங்கள்' என்னும் இணையத்தளம் வந்தது. பிரித்தானியர் காலத்து 1:20,000 தாள்களை ஒன்றோடொன்று தைத்து, இன்றைய நிலத்தோடு ஒப்பிட்டுக் காணவும், எவரும் தடையின்றிப் பதிவிறக்கவும் அது வழி செய்தது. அதை உருவாக்கியவர்களுள் ஒருவரான மஜ்த் அல்-ஷிஹாபி, பாஸில் கர்தபீலின் பெயரால் அமைந்த நல்கையைப் பெற்றவர். பாஸில், சிரியாவில் வாழ்ந்த பாலஸ்தீன வம்சாவளி மென்பொருள் வல்லுநர். 2012இல் சிறைப்பிடிக்கப்பட்டு 2015இல் கொல்லப்பட்டவர்.

இத்தகைய செயலியை உருவாக்குவது எளிதாகத் தோன்றலாம். பழைய தாளை நகலெடுத்துத் திரையில் போட்டால் போதாதா? போதாது. பழைய தாளின் ஒவ்வொரு புள்ளியும் பூமியில் எந்தப் புள்ளி என்பதைக் கணினிக்குச் சொல்லியாக வேண்டும். அன்றும் இன்றும் ஒரே இடத்தில் நிற்பவற்றைத் தேடிப் பிடிக்க வேண்டும். அம்வாஸ் என்றால், ஆலயத்தின் இடிபாடும் ஷெய்கு உபைத் மகாமும் அத்தகையவை. அவை தாளில் இருக்கும் இடத்தையும் இன்றைய அட்சரேகை, தீர்க்கரேகைகளையும் இணைத்துக் கட்டினால், இடையிலுள்ளவை கணக்கின்படி தத்தம் இடத்தில் அமரும். ஆக, ஒரு சில கட்டடங்கள் எஞ்சி நிற்பதனாலேயே இடிந்த நூறு வீடுகளுக்கு முகவரி கிடைக்கிறது.

இதில் கவனம் சிறிதும் பிசகலாகாது. 1:20,000 தாளில் ஒரு மில்லிமீட்டர் என்பது நிலத்தில் 20 மீட்டர். பழைய தாள் ஈரத்தில் நீண்டிருக்கும், மடிப்பில் சுருங்கியிருக்கும். பிரித்தானியர் பயன்படுத்திய ஆயக் கட்டமும் இன்றைய செயற்கைக்கோள்கள் பயன்படுத்தும் ஆயமுறையும் வெவ்வேறானவை. ஒன்றை மற்றொன்றாக மாற்றவேண்டும். கைப்பேசியின் ஜி.பி.எஸ். திறந்த வெளியில் ஐந்து மீட்டர் அளவுக்குத் துல்லியம் காட்டும் என்றாலும், தாளைப் பொருத்துகையில் ஒரு மில்லிமீட்டர் தவறினால் ஒருவர் வீட்டு முற்றம் அடுத்தவர் வீட்டுக்குள் சென்றுவிடும். அடக்கத்தலம் பாதையின்மேல் வந்துவிடும். நடந்து செல்பவர் தாம் எதன்மேல் கால்வைக்கிறோம் என்பதைத் தவறாக அறிவார்.

பிறகு நடப்பவரின் வசதி. மலைப்பகுதியில் இணையத் தொடர்பு அறுந்துபோகும் என்பதால், வரைபடத்தைச் சிறு சதுரங்களாக வெட்டி முன்னரே கைப்பேசியில் சேமித்து வைக்கவேண்டும். பழையதையும் புதியதையும் மாற்றி மாற்றிக் காண, விரலால் நகர்த்தி மேலடுக்கை மங்கச் செய்யும் வசதி வேண்டும். விரலை ஒரு பக்கம் நகர்த்தினால் பைன் மரங்கள். மறுபக்கம் நகர்த்தினால் வீடுகள், கிணறு, இம்வாஸ் என்னும் பெயர்.

கருவி தோற்கும் இடம்

2023 அக்டோபருக்குப் பின் அந்தப் பகுதியில் ஜி.பி.எஸ். சமிக்ஞைகள் போர் நோக்கில் குலைக்கப்பட்டன. வேறிடங்களில் நின்றவர்களின் கைப்பேசிகள் அவர்கள் பெய்ரூத் விமான நிலையத்தில் இருப்பதாகக் காட்டின. அப்படிப்பட்ட நேரத்தில் நீலப் புள்ளியை நம்பி நடக்க இயலாது. கண்ணால் கண்டுதான் அறியவேண்டும்.

அதற்கும் அந்த மண் அடையாளம் வைத்திருக்கிறது. பாலஸ்தீனக் கிராமத்தார் தம் நிலங்களுக்குச் சப்பாத்திக்கள்ளியை வேலியாக நட்டனர். வீடுகள் இடிந்த பின்னும் அந்த வேலி பல இடங்களில் துளிர்த்து வந்தது. காட்டினிடையே வரிசையாகக் கள்ளி நின்றால் அங்கே ஓர் ஊர் இருந்தது என்று அறியலாம். அங்கே அந்தக் கள்ளியின் பெயர் 'ஸப்ர்'. பொறுமைக்கு நாம் சொல்லும் 'ஸப்ர்' என்ற சொல்லும் அதுவும் ஒரே வேரிலிருந்து பிறந்தவை.

இதைவிடப் பெரிய குறை ஒன்றும் உண்டு. அம்வாஸிலிருந்து வெளியேற்றப்பட்டவர்களில் பலருக்கு அந்தப் பூங்காவிற்குள் நடந்து செல்லும் வாய்ப்பே இல்லை. அம்மானில் அமர்ந்து, பாட்டனாரின் வீடு இருந்த இடத்தைத் திரையில் விரலால் தொடுவதோடு அவர்களின் நடை முடிகிறது. எந்தச் செயலியும் ஒருவரை ஊருக்குத் திருப்பி அனுப்பிவிடாது. பிறகு அதன் பயன்தான் என்ன?

சாட்சியம்

சாட்சியத்தை மறைப்பவரின் உள்ளம் பாவத்திற்குள்ளாகிறது என்று திருக்குர்ஆன் எச்சரிக்கிறது. நமக்கோ நம் உறவினருக்கோ பாதகமாக அமைந்தாலும் நீதிக்குச் சாட்சியாக நிற்கும்படி அது கட்டளையிடுகிறது. தம் அரசு இடித்த ஊரின் பெயரைத் தம் மக்களிடமே சொல்ல முன்வந்த ஸொஃக்ரோத் அமைப்பினர், நம் வேதம் வலியுறுத்தும் அந்தக் கடினமான சாட்சியத்தைச் செய்து காட்டியிருக்கின்றனர். அதனைக் காணும்போது, நம் தரப்பு செய்த தவறுக்கு நாம் எப்போதாவது அவ்வாறு சாட்சி நின்றிருக்கிறோமா என்ற கேள்வி நம்மையும் நோக்கித் திரும்புகிறது.

பூமியில் நடந்து சென்று, முன்சென்றோரின் நிலையைச் சிந்திக்குமாறு இறைவன் பலமுறை அழைக்கிறான். அந்த அழைப்புக்கு நடை மட்டும் போதாது; எதன்மேல் நடக்கிறோம் என்ற அறிவும் வேண்டும். கனடா பூங்காவின் நிழலில் ஓய்வெடுப்பவர், தாம் அமர்ந்திருப்பது யாருடைய முற்றம் என்பதை அறியாமல் எழுந்து செல்லலாம். அறிந்தபின் அவர் எழுந்து செல்லும்போது, அந்த ஊருக்கு ஒரு சாட்சி கூடியிருக்கும்.

அடுத்த முறை மிம்பரில் தாஊன் அம்வாஸ் பற்றிக் கேட்கும்போது, நாமும் கைப்பேசியில் அந்த 1940களின் தாளைத் திறந்து பார்ப்போம். அபூ உபைதா (ரலி), முஆத் இப்னு ஜபல் (ரலி) ஆகியோரின் காலடி பட்ட அந்த ஊரை அதன் பெயரோடு பிள்ளைகளுக்குக் காட்டுவோம்.

அந்த நன்மக்களின் தகுதிகளை அல்லாஹ் உயர்த்துவானாக. வீடிழந்தோருக்கு வீடு திரும்பும் நாளை அருள்வானாக. ஆமீன்.