மைசூரு மையின் கதை

மைசூரு மகாராஜா நான்காம் கிருஷ்ணராஜ உடையார் 1937-இல் ஓர் அரக்கு ஆலை தொடங்கினார். அக்கம்பக்கத்துக் காடுகளில் அரக்கு நிறையக் கிடைத்த காலம். நாடு விடுதலை பெற்றதும் ஆலை அரசின் கைக்கு வந்தது. ஓட்டுப் போடும்போது நம் விரலில் வைக்கும் அழியாத மை இங்கிருந்துதான் புறப்படுகிறது.

முதல் பொதுத்தேர்தலிலேயே (1951–52) விரலில் மை வைத்தார்கள். மைசூரு ஆலை அந்தப் பொறுப்பை ஏற்றது 1962-இல். செய்முறை டெல்லி தேசிய இயற்பியல் ஆய்வகத்தினுடையது, இன்றுவரை ரகசியம். அதில் வெள்ளி நைட்ரேட் இருப்பது மட்டும் ஊரறிந்தது. தோலிலுள்ள உப்போடு சேர்ந்து, வெளிச்சம் பட்டதும் கறுக்கும். சோப்புக்கு மசியாது. தோலில் சில நாளில் மங்கும். நகத்தில் ஏறியது நகம் வளர்ந்து வெட்டுப்படும்வரை இருக்கும்.

10 மில்லி குப்பி ஒன்று ஏறத்தாழ 700 பேருக்குப் போதும். பூத்தில் மை வைப்பது இடதுகை ஆள்காட்டி விரலில். அந்த விரல் இல்லாதவருக்கு? அதே கையின் வேறு விரலில். இடக்கையில் விரலே இல்லையென்றால் வலக்கையில். இரு கையிலும் இல்லையென்றால், கை எதுவரை இருக்கிறதோ அந்த நுனியில். தேர்தல் நடத்தை விதிகளில் இத்தனையும் எழுதியிருக்கிறது. சட்டப் புத்தகங்களில் இவ்வளவு கரிசனமான வரிகளை நான் அதிகம் பார்த்ததில்லை.

குப்பி கடல் கடந்தும் போனது. கம்போடியா, தென்னாப்பிரிக்கா என்று 25-க்கும் மேற்பட்ட நாடுகள் இதை வாங்கியிருக்கின்றன. எல்லா இடத்திலும் மரியாதை கிடைத்ததா என்றால், இல்லை. மலேசியத் தேர்தல் ஆணையம் 2008 பொதுத்தேர்தலுக்காக இந்தியாவிலிருந்து மை வாங்கி வைத்திருந்தது. வாக்குப்பதிவுக்கு நான்கு நாள் இருக்கையில் வேண்டாமென்று கைவிட்டது. வேறு சில ஊர்களில் மை வைத்துக்கொண்டவர்களுக்கு உயிரே பணயம். ஆப்கானிஸ்தானின் ஹெராத் மாகாணத்தில் 2014 ஜூனில் ஓட்டுப் போட்டுத் திரும்பிய 11 பேரின் விரல்களைத் தாலிபான்கள் வெட்டினார்கள். மை எந்த நாட்டில் தயாரானது என்பதா அங்கே பிரச்சினை? விரலில் இருந்ததுதான் குற்றம்.

உள்நாட்டிலும் ஒருமுறை வழி தவறியது. 2016 நவம்பரில் பழைய நோட்டு மாற்ற வங்கி வாசலில் நின்றவர்களின் வலக்கை விரலில் இதே மையை வைத்தார்கள். இடைத்தேர்தல்கள் நெருங்கிய நேரம். தேர்தல் ஆணையமே நிதி அமைச்சகத்துக்கு ஆட்சேபம் எழுதியது.

ஒரே ஆள் இரண்டாம் முறை வரிசையில் நின்றால் காட்டிக்கொடுக்கும். மைக்குத் தெரிந்த வேலை அவ்வளவே. முந்தின இரவு கவரில் வந்த ரூபாய் அதன் கண்ணில் படாது. அதைப் பிடிக்கத் தேர்தலையே நிறுத்த வேண்டியிருக்கிறது. 2016-இல் அரவக்குறிச்சியும் தஞ்சாவூரும், 2017-இல் ஆர்.கே. நகரும் அப்படித்தான் நின்றன. 2019 ஏப்ரலில் வேலூர். பணப் புழக்கத்துக்காக ஒரு மக்களவைத் தொகுதியின் தேர்தல் ரத்தானது நாட்டிலேயே அதுதான் முதல்முறை.