‘மூர்’ என்று நமக்கு யார் பெயர் வைத்தது?

கொஞ்சம் நீளமான பதிவு, பொறுமையாக வாசியுங்கள்.

நம் பிறப்புச் சான்றிதழில் இனம் என்று ஒரு கூடு இருக்கிறது. தமிழில் ‘இலங்கைச் சோனகர்’. சிங்களத்தில் ‘யோனக’. வெளிநாட்டுத் தேவைக்கு ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து எடுத்தால் ‘மூர்’. மூன்றும் நம்மைத்தான் சொல்கின்றன. ஆனால் மூன்றில் ஒன்றுகூட அரபுச் சொல் இல்லை.

முதலில் மூர். இதன் வேர் இலத்தீன் மொழியின் ‘மௌருஸ்’. இன்றைய மொரோக்கோவின் வடபகுதியையும் அல்ஜீரியாவின் ஒரு பகுதியையும் உரோமர் மௌரெத்தானியா என்றார்கள். அங்கே வாழ்ந்தவன் மௌருஸ். இது நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் பிறப்பதற்குப் பல நூற்றாண்டுகள் முந்திய கதை. ஆகவே அந்தச் சொல்லில் மார்க்கம் இல்லை, வெறும் ஊர்தான்.

கி.பி. 711இல் தாரிக் இப்னு ஸியாத் கடலைக் கடந்து ஸ்பெயினுக்குள் போனார். அவருடைய படையில் பெரும்பாலானோர் பெர்பர்கள், அதாவது அதே வட ஆபிரிக்க மண்ணின் மக்கள். அதனால் பழைய பெயர் அவர்களோடு ஒட்டிக்கொண்டது. ஸ்பானியத்தில் மோரோ, போர்த்துக்கேயத்தில் மோரு. நூற்றாண்டுக் கணக்கில் சண்டை நடந்த இடத்தில் அந்தச் சொல்லுக்கு ‘முஸ்லிம்’ என்ற பொருள் மட்டுமல்ல, ‘எதிரி’ என்ற பொருளும் ஏறிவிட்டது. வடக்கே போகப் போக அது நிறமாக மாறியது. ஜெர்மன் மொழியில் ‘மோர்’ என்றால் கறுப்பு மனிதன். இன்று அது இழிசொல்லாகக் கருதப்படுவதால் பேர்லினில் அந்தப் பெயர் கொண்ட ஒரு தெருவின் பெயரை மாற்ற வேண்டும் என்று பல வருடம் வாதாடினார்கள். ஷேக்ஸ்பியரின் ஒதெல்லோ ‘வெனிஸ் நகர மூர்’, ஆனால் ஞானஸ்நானம் பெற்ற கிறிஸ்தவன். இன்னொரு வேடிக்கை: 1598இல் ஒல்லாந்தர் தங்கள் இளவரசர் மௌரிட்ஸின் பெயரைத்தான் மொரீசியஸ் தீவுக்கு வைத்தார்கள். அந்த இளவரசரின் பெயருக்கும் மூலம் மௌருஸ்தான்!

1492இல் கிரனாடா வீழ்ந்தது. அதற்கு வெறும் 13 வருடம் கழித்து, 1505இல், போர்த்துக்கேயர் இலங்கைக்கு வந்தார்கள். இங்கே தொழுகிற, வியாபாரம் செய்கிற மனிதர்களைக் கண்டதும் வேறு பெயர் தேடவில்லை. கையோடு கொண்டுவந்த பெயரையும் பகையையும் சேர்த்தே நம் தலையில் வைத்தார்கள். 1626இல் அவர்கள் தங்கள் பகுதிகளிலிருந்து முஸ்லிம்களைத் துரத்த, கண்டி மன்னன் செனரத் அவர்களில் ஒரு தொகையினரை மட்டக்களப்புப் பக்கம் குடியேற்றியதைப் பாடசாலையில் படித்திருப்பீர்கள். பிலிப்பைன்ஸில் ஸ்பானியரும் இதையேதான் செய்தார்கள். மிந்தனாவோ முஸ்லிம்களை ‘மோரோ’ என்றார்கள். அந்த மக்கள் அந்த வசையையே கொடியாகத் தூக்கினார்கள். 2019இல் அவர்களுக்குக் கிடைத்த சுயாட்சிப் பிரதேசத்தின் பெயர் ‘பங்சமோரோ’.

சோனகர் என்ற சொல்லும் இதே மாதிரி அலைந்து வந்ததுதான். கிரேக்கரின் அயோனியா பாரசீகத்தில் யௌனா, பாளியில் யோன, வடமொழியில் யவன, தமிழில் சோனகர். முதலில் கிரேக்கர், பிறகு மேற்கிலிருந்து கடல்வழி வந்தவர், பிறகு அரபிகள், கடைசியில் நாம். கொழும்பில் பழைய சோனகத் தெரு, திருச்செந்தூர்ப் பக்கம் சோனகன்விளை என்று ஊர்களிலும் அது தங்கிவிட்டது. அதைச் சுருக்கி ‘சோனி’ என்று ஏசுகிறவர்களுக்கு, தாங்கள் சொல்வது கிரேக்கர் பெயர் என்று தெரியாது.

பெயர் அரசியலானது 1888இல். சேர் பொன்னம்பலம் இராமநாதன் றோயல் ஆசியக் கழகத்தில் வாசித்த கட்டுரையில், மொழியையும் வழக்கங்களையும் காட்டி, இலங்கைச் சோனகர் இனத்தால் தமிழரே என்றார். சட்டசபையில் முஸ்லிம்களுக்குத் தனி ஆசனம் வேண்டுமா என்ற கேள்வி அன்று எழுந்திருந்தது. மறு வருடமே எம்.சி. அப்துல் ரஹ்மான் நியமிக்கப்பட்டார். 1907இல் ஐ.எல்.எம். அப்துல் அஸீஸ் இராமநாதனுக்கு மறுப்பு எழுதி, நம் அரபு மூலத்தை முன்வைத்தார்.

இருவரிடமும் நமக்குக் கேள்வி உண்டு. வீட்டில் தமிழ் பேசுகிறோம் என்பதால் ‘நீங்கள் தனிச் சமூகமே இல்லை’ என்று எப்படிச் சொல்வது? அதே நேரம், வாப்பாமார் அரேபியாவிலிருந்து வந்தார்கள் என்று மட்டும் சொன்னால் உம்மாமார் எங்கே போனார்கள்? நம் கிழக்குக் கரையில் குடி தாய்வழியாகத்தானே வருகிறது! அந்தக் குடிமுறை பக்கத்துத் தமிழ் ஊர்களிலும் இருக்கிறது. அதை ஒளிக்க வேண்டிய தேவை நமக்கு இல்லை.

பிறகு ‘மூரா, முஸ்லிமா’ என்று நமக்குள்ளேயே சண்டை வந்தது. ராசிக் பரீத் மூர் பக்கம் நின்றார். டீ.பி. ஜாயா மலாய்க்காரர். ‘மூர்’ என்ற சொல்லுக்குள் அவருக்கு இடம் இல்லை, ‘முஸ்லிம்’ என்றால் இருந்தது. அரசியலில் பேசும்போது நாம் முஸ்லிம் ஆகிவிட்டோம். 2012 குடிசனக் கணக்கெடுப்பில் மட்டும் ஏறத்தாழ 19 இலட்சம் பேர் இன்னும் சோனகர்தான்.

மருதமுனையில் பழைய காணி உறுதி வைத்திருக்கும் பெரியவர்கள், அதில் உங்கள் மூத்தவாப்பாவை என்ன பெயரால் எழுதியிருக்கிறார்கள் என்று பார்த்து, ஆண்டோடு கீழே பதியுங்கள்.