ஏலம் போன கவுன்களும் எடுத்து வைத்த பெண்களும்

1970 மே மாதம். கலிபோர்னியாவின் கல்வர் சிட்டியில் இருந்த எம்.ஜி.எம். ஸ்டூடியோ தன் பண்டகசாலைகளைக் காலி செய்துகொண்டிருந்தது. அதற்கு முந்தைய ஆண்டுதான் கிர்க் கெர்க்கோரியன் என்ற தொழிலதிபர் நிறுவனத்தைக் கைப்பற்றியிருந்தார். அவருக்கு வேண்டியது நிலமும் ரொக்கமும். அரை நூற்றாண்டுக் காலம் சேர்ந்திருந்த உடைகள், நாற்காலிகள், சரவிளக்குகள், ‘ஷோ போட்’ படத்தில் மிதந்த படகு வரை எல்லாவற்றையும் 15 லட்சம் டாலருக்கு ஓர் ஏலக்காரரிடம் மொத்தமாக விற்றுவிட்டார்கள். அவர் படப்பிடிப்புத் தளத்திலேயே மேடை போட்டு, 18 நாள் ஏலம் விட்டார். ஏலத்துக்கும் உதவாது என்று நினைத்தவை குப்பைக்குப் போயின. பெரும் இசைப்படங்களுக்கு எழுதப்பட்ட வாத்தியக் குழுவின் இசைக்குறிப்புத் தாள்கள் அப்படித்தான் மண்ணுக்குள் போயின.

அந்த ஏலத்துக்கு வந்தவர்களில் ஒருவர் டெபி ரெய்னால்ட்ஸ். 1952இல் வந்த ‘சிங்கின் இன் த ரெய்ன்’ படத்தின் நாயகி. அதில் நடித்தபோது அவருக்கு வயது 19. முறையாக நடனம் பயின்றவர் அல்ல. ஒரு பாட்டுக்கு நாள் முழுக்க ஆடி, முடிவில் கால்களில் ரத்தம் கசிந்ததைப் பின்னாளில் அவரே சொல்லியிருக்கிறார். தான் வேலை செய்த கூடத்திலேயே, தன்னோடு வேலை செய்தவர்களின் துணிமணிகள் கூவி விற்கப்படுவதை அவர் பார்த்தார். கையில் இருந்த பணத்தையும் கடன் வாங்கிய பணத்தையும் போட்டு வாங்கத் தொடங்கினார். அடுத்த ஆண்டு ட்வென்டியத் செஞ்சுரி ஃபாக்ஸ் நிறுவனம் ஏலம் விட்டபோது அங்கேயும் போனார்.

நினைவுப்பொருள் சேகரிப்பு என்றதும் நமக்கு ரசிக மனோபாவம்தான் நினைவுக்கு வருகிறது. நடிகையின் கைக்குட்டைக்கு அலையும் பைத்தியம் என்று சிரித்துவிட்டு நகர்ந்துவிடுகிறோம். ஆண் ஒருவர் நாணயமோ தபால்தலையோ சேர்த்தால் அது அறிவுத்துறை; பெண் ஒருவர் கவுன்களைச் சேர்த்தால் அது சபலம். இந்தப் பாகுபாடு எதை வரலாறாக்குகிறது, எதைக் குப்பையாக்குகிறது என்று கேட்க வேண்டியிருக்கிறது.

*

ஸ்டூடியோவில் ஓர் உடை எப்படி உருவானது? வடிவமைப்பாளர் படம் வரைந்து கொடுப்பார். வெட்டுவது, தைப்பது, மணி கோப்பது, சம்கி வைப்பது எல்லாம் தையல் அறையில் நடக்கும். அங்கே வேலை செய்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள். 1939இல் வெளியான ‘த விசார்ட் ஆஃப் ஆஸ்’ படத்தில் டோரதி அணிந்த சிவப்புக் காலணியை எடுத்துக்கொள்வோம். மூலக் கதையில் அது வெள்ளி நிறம். டெக்னிகலரில் எடுப்பாகத் தெரிய வேண்டும் என்று சிவப்பானது. ஒவ்வொரு காலணியிலும் சுமார் 2,300 சம்கிகள். அத்தனையும் மெல்லிய வலைத்துணியில் தைக்கப்பட்டு, பிறகு காலணிமேல் பொருத்தப்பட்டன. படத்தின் பெயர்ப்பட்டியலில் உடைக்கென்று இருப்பது ஒரே பெயர்: ஏட்ரியன். ஊசி பிடித்தவர்களுக்கு அதில் இடமில்லை.

படம் முடிந்ததும் உடை பண்டகசாலைக்குப் போகும். அடுத்த படத்துக்கு அதையே பிரிப்பார்கள், சாயம் போடுவார்கள், இன்னொரு நடிகைக்கு ஏற்றபடி பிடித்துத் தைப்பார்கள். உட்புறத்தில் நடிகையின் பெயர் எழுதிய துணிப்பட்டை ஒன்று தைத்திருக்கும். இன்று ஓர் உடை அசலா போலியா என்று சேகரிப்பாளர்கள் தீர்மானிப்பது பெரும்பாலும் இந்தப் பட்டையையும், பிரித்துத் தைத்த தடங்களையும் வைத்துத்தான். திரையில் தெரியக் கூடாது என்று மறைத்த உட்புறம்தான் இப்போது சாட்சி சொல்கிறது.

அந்தச் சாட்சி சில நேரம் கொடுமையானது. டோரதியின் நீல வெள்ளைக் கட்டம் போட்ட கவுன் ஒரு சிறுமிக்கானது. அதை அணிந்த ஜூடி கார்லண்டுக்கு அப்போது வயது 16. சிறுமியாகத் தெரிய வேண்டும் என்பதற்காக அவருடைய மார்பை இறுக்கிக் கட்டினார்கள். எடை கூடிவிடக் கூடாது என்று சாப்பாட்டைக் கட்டுப்படுத்தினார்கள். விழித்திருக்க ஒரு மாத்திரை, தூங்க ஒரு மாத்திரை என்று ஸ்டூடியோ கொடுத்துப் பழக்கியதை அவர் பின்னர் சொல்லியிருக்கிறார். 1969 ஜூன் 22 அன்று லண்டனில், 47 வயதில், கடனாளியாக இறந்தார். ஓராண்டு நிறைவதற்குள் அதே எம்.ஜி.எம். ஏலத்தில் அவருடைய சிவப்புக் காலணி 15,000 டாலருக்குப் போனது.

*

டெபி ரெய்னால்ட்ஸுக்கு இந்தப் பொருள்களை வீட்டில் பூட்டி வைக்கும் எண்ணம் இல்லை. பொதுமக்கள் பார்க்க ஓர் அருங்காட்சியகம் வேண்டும் என்பதே அவருடைய நாற்பதாண்டுக் கோரிக்கை. ஆஸ்கர் விருது வழங்கும் அகாதெமியிடம் பலமுறை கேட்டார். அவர்கள் அக்கறை காட்டவில்லை. இதற்கிடையே அவருடைய இரண்டாவது கணவர் சூதாட்டத்தில் சொத்தை அழித்திருந்தார். 1973இல் பிராட்வேயில் ‘ஐரீன்’ இசை நாடகத்தில் நடித்தார். ஊர் ஊராக மேடையேறிச் சம்பாதித்தார். உடைகளை மட்டும் விற்கவில்லை. 1993இல் லாஸ் வேகஸில் சொந்தமாக ஒரு ஹோட்டல் தொடங்கி, அதில் அருங்காட்சியகமும் வைத்தார். 1997இல் அது திவாலானது. பிறகு ஹாலிவுட்டில் ஒரு முயற்சி, டென்னசியில் ஒரு முயற்சி. இரண்டும் கைகூடவில்லை. கடைசியில் கடன் கழுத்தை நெரிக்க, 2011 ஜூனில் ஏலத்துக்குச் சம்மதித்தார்.

‘த செவன் இயர் இட்ச்’ படத்தில் மர்லின் மன்றோ அணிந்த வெள்ளை உடை, தரகு சேர்க்காமலே, 46 லட்சம் டாலருக்குப் போனது. 1954இல் நியூயார்க் தெருவில் அந்தக் காட்சியைப் படமாக்கியபோது ஆயிரக்கணக்கான ஆண்கள் திரண்டு நின்று கூச்சலிட்டார்கள். மன்றோவின் கணவருக்கோ கடும் கோபம். சில வாரங்களில் அந்தத் திருமணம் முறிந்தது. தெருவில் எடுத்தது சத்தத்தால் பயன்படாமல், காட்சியை ஸ்டூடியோவில் மறுபடி எடுத்தார்கள். ஒரு பெண்ணின் உடல்மீது தெருவும் வீடும் தொழிலும் ஒரே இரவில் உரிமை கொண்டாடிய கதை அந்த உடையில் இருக்கிறது. அருங்காட்சியகத்தில் இருந்தால் இந்தக் கதையோடு அதைப் பார்க்கலாம். ஏலத்தில் அது விலையோடு மட்டுமே போகிறது.

அதே ஏலத்தில் ‘மை ஃபேர் லேடி’ படத்தில் ஆட்ரி ஹெப்பர்ன் அணிந்த கறுப்பு வெள்ளை உடை 37 லட்சம் டாலர் பெற்றது. அந்தப் படத்தில் ஹெப்பர்னின் பாட்டுகளில் பெரும்பகுதியைப் பாடியவர் மார்னி நிக்சன். படத்தில் அவர் பெயர் இல்லை. ‘த கிங் அண்ட் ஐ’, ‘வெஸ்ட் சைட் ஸ்டோரி’ ஆகியவற்றிலும் நாயகிகளுக்காகப் பெயரில்லாமல் பாடியவர் அவர்தான். டெபி ரெய்னால்ட்ஸின் கதையிலும் இந்த முரண் உண்டு. ‘சிங்கின் இன் த ரெய்ன்’ படத்தில், இன்னொரு நடிகைக்குத் திரைமறைவில் குரல் கொடுக்கும் பெண்ணாக அவர் நடித்தார். அந்தப் பாத்திரம் பாடுவதாக வரும் ஒரு பாட்டில் ஒலிப்பது பெட்டி நோய்ஸ் என்ற மற்றொரு பெண்ணின் குரல். அவருக்கும் படத்தில் பெயர் போடவில்லை. உடையைக் கண்ணாடிப் பெட்டியில் வைக்கலாம். இரவல் கொடுத்த குரலை எந்தப் பெட்டியில் வைப்பது? சேகரிப்பின் எல்லை இங்கே தெரிகிறது.

*

சிவப்புக் காலணிக்கு வருவோம். தப்பிப் பிழைத்த ஜோடிகளில் ஒன்று 1979 முதல் வாஷிங்டன் ஸ்மித்சோனியனில் இருக்கிறது. 2016இல் அதைப் பராமரிக்கப் பொதுமக்கள் 300,000 டாலருக்கும் மேல் கொடுத்தார்கள். இன்னொரு ஜோடி, கார்லண்ட் பிறந்த மின்னசோட்டாவின் கிராண்ட் ரேப்பிட்ஸில் உள்ள அவர் பெயரிலான அருங்காட்சியகத்தில் இருந்தது. 2005இல் அது திருடுபோனது. திருடியவர் அதில் இருப்பவை உண்மையான மாணிக்கக் கற்கள் என்று நினைத்திருந்தார். 2018இல் எஃப்.பி.ஐ. மீட்டது. 2024 டிசம்பரில் அதன் உரிமையாளர் அதை ஏலம் விட்டார். ஊருக்கு மீட்டுக்கொண்டுவர மாநில அரசு ஒதுக்கிய தொகை 100,000 டாலர். காலணி போன விலை, தரகு நீங்கலாக, 2 கோடியே 80 லட்சம் டாலர். அதை அணிந்தவர் கடனில் இறந்தார். அதில் சம்கி தைத்தவர்கள் கூலியோடு போனார்கள்.

இந்த விலைகளைப் பார்த்துச் சேகரிப்பே வேண்டாம் என்று முடிவுக்கு வந்துவிடக் கூடாது. வேறு விதமாகவும் நடந்திருக்கிறது. லண்டனில் கேப்ரியல் எந்தோவன் என்ற பெண் நாடக நோட்டீஸ்களைச் சேர்த்துவந்தார். நாட்டுக்கென ஒரு நாடகச் சேகரம் வேண்டும் என்று 1911 முதல் வாதாடினார். 1924இல் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் அருங்காட்சியகம் ஒருவழியாக அவருடைய 80,000-க்கும் மேற்பட்ட நோட்டீஸ்களை ஏற்றுக்கொண்டது. கொடுத்துவிட்டு அவர் வீட்டுக்குப் போகவில்லை. 1950இல் இறக்கும்வரை அங்கேயே சம்பளமில்லாமல் வேலை பார்த்தார். உதவியாளர்களுக்கும் தன் பணத்தையே கொடுத்தார். இன்று லண்டன் மேடை வரலாற்றை எழுதும் எவரும் அந்தச் சேகரத்தைத் தாண்டிப் போக முடியாது.

இருவர் செய்ததும் ஒரே வேலைதான். ஒருவருக்கு ஒரு நிறுவனம் கதவைத் திறந்தது, மற்றவருக்குத் திறக்கவில்லை. வித்தியாசம் அவ்வளவே. டெபி ரெய்னால்ட்ஸ் 2016 டிசம்பர் 28 அன்று, மகள் கேரி ஃபிஷர் இறந்த மறுநாள், காலமானார். அகாதெமியின் அருங்காட்சியகம் 2021 செப்டம்பரில் லாஸ் ஏஞ்சலிஸில் திறக்கப்பட்டது. பழம்பொருள்களைப் பழுதுபார்த்துப் பாதுகாக்கும் கூடத்துக்கு அங்கே அவர் பெயரைச் சூட்டியிருக்கிறார்கள். அவர் காப்பாற்றிய உடைகளில் பெரும்பாலானவை அதற்குள் உலகெங்கும் தனியார் அலமாரிகளுக்குப் போய்விட்டிருந்தன.

பெயர் சூட்டுவது எளிது. உரிய காலத்தில் இடம் கொடுப்பதுதான் கடினம். பெண்கள் எடுத்து வைப்பதைப் பழந்துணி என்று ஒதுக்கிவிட்டு, பின்னால் அதற்குக் கோடிகளில் விலை பேசும் பழக்கம் ஹாலிவுட்டோடு முடிவதில்லை. எந்தச் சேகரத்தின் முன் நின்றாலும் இரண்டு கேள்விகள் கேட்போம். இதைக் குப்பையிலிருந்து எடுத்தவர் யார்? இதன் உட்புறத்தில் யாருடைய தையல் இருக்கிறது?