மீதியிலிருந்து எண்ணைக் காணல்: ஒரு புதிர்க் கணக்கின் வரலாறு

ஓர் எண்ணை 3-ஆல் வகுத்தால் 2 மீதி. 5-ஆல் வகுத்தால் 3 மீதி. 7-ஆல் வகுத்தால் 2 மீதி. அந்த எண் எது? சீனாவில் கி.பி. 3-ஆம் நூற்றாண்டின் இறுதிக்கும் 5-ஆம் நூற்றாண்டுக்கும் இடையில் எழுந்த ‘சுன் சூ’ கணித நூலின் மூன்றாம் பகுதியில் 26-ஆவது கணக்காக இவ்வினா உள்ளது. விடை 23. அதைக் காணும் வழியையும் நூல் சொல்கிறது: 3-இன் மீதியை 70-ஆலும், 5-இன் மீதியை 21-ஆலும், 7-இன் மீதியை 15-ஆலும் பெருக்கிக் கூட்டினால் 233 வரும், அதிலிருந்து 105-ஐ இருமுறை கழித்தால் 23.

இந்த மூன்று பெருக்கெண்களும் கருதித் தேர்ந்தவை. 70 என்பது 5, 7 இரண்டாலும் மீதியின்றி வகுபடும். 3-ஆல் வகுத்தால் மட்டும் 1 மிஞ்சும். 21-உம் 15-உம் தத்தம் வகு எண்களுக்கு அவ்வாறே அமைந்தவை. ஆனால் இந்த எண்களைக் கண்டடைவது எப்படி என்பதை நூல் விளக்கவில்லை. வகு எண்கள் மாறினால் கற்பவர் புதிய பெருக்கெண்களைத் தாமே தேட வேண்டியதுதான். ஆகவே இது ஒரு கணக்கின் தீர்வு; எல்லாக் கணக்குக்கும் உரிய முறை ஆகாது.

பொதுமுறை இந்தியாவில் உருவானது. ஆரியபடர் 499-இல் இயற்றிய ஆரியபடீயத்தின் கணிதபாதம், குட்டகம் எனப் பின்னர் பெயர்பெற்ற முறையைத் தன் கடைசி இரு செய்யுள்களில் தருகிறது. செய்யுள்கள் மிகச் சுருக்கமானவை. உரையில்லாமல் பொருள்கொள்வது கடினம். 629-இல் முதலாம் பாஸ்கரர் எழுதிய உரைதான் அவற்றைத் திறந்துகாட்டியது. 8-ஆல் வகுத்தால் 5, 9-ஆல் வகுத்தால் 4, 7-ஆல் வகுத்தால் 1 மிஞ்சும் எண் (விடை 85) போன்ற எடுத்துக்காட்டுகளை அவர் அமைத்தார். கோளின் முற்றுப்பெறாத சுற்றில் எஞ்சிய பகுதியிலிருந்து, கழிந்த நாட்களைக் கணிக்கவும் அதே முறையைப் பயன்படுத்தினார். புதிராகத் தோன்றும் கணக்குக்கு வானியலில் உண்மையான வேலை இருந்தது. 628-இல் பிரம்மகுப்தர் தம் சித்தாந்த நூலில் இயற்கணித அத்தியாயத்துக்கே குட்டகம் என்று பெயரிட்டது, இம்முறைக்கு அக்காலத்தில் இருந்த மதிப்பைக் காட்டுகிறது.

குட்டகக் கணக்குகளுக்குக் கதை வடிவம் தந்தவர்களுள் மகாவீரர் தலைசிறந்தவர். இராட்டிரகூட மன்னர் அமோகவர்ஷர் காலத்தில், 850-ஐ ஒட்டி, அவர் கணிதசாரசங்கிரகம் என்னும் நூலை எழுதினார். சென்னை மாநிலக் கல்லூரிப் பேராசிரியர் எம். ரங்காச்சாரியார் 1912-இல் ஆங்கில மொழிபெயர்ப்புடன் பதிப்பித்த பிறகே அந்நூல் உலக அறிஞர்களின் பார்வைக்கு வந்தது. அதில் வரும் ஒரு கணக்கு: காட்டோரத்தில் சம அளவுள்ள 63 வாழைப்பழக் குவியல்களும் தனியே 7 பழங்களும் உள்ளன. 23 வழிப்போக்கர் அனைத்தையும் மிச்சமின்றிச் சமமாகப் பங்கிட்டுக்கொண்டனர். ஒரு குவியலில் எத்தனை பழம்?

ஒரு குவியலின் அளவை 1, 2, 3 என்று சோதித்துப் பார்த்தாலும் விடை வந்துவிடும். எண்கள் பெரிதானால் அவ்வழி உதவாது. குட்டகத்தின் கருத்து, கணக்கைப் படிப்படியாகச் சிறிதாக்குவது. 63-ஐ 23-ஆல் வகுத்தால் மீதி 17. எனவே குவியலின் அளவை 17-ஆல் பெருக்கி 7 கூட்டினால் 23-ஆல் வகுபட வேண்டும். அந்த ஈவு இரண்டாம் எண். 23-ஐ 17-ஆல் வகுத்தால் மீதி 6. ஆகவே இரண்டாம் எண்ணை 6-ஆல் பெருக்கி 7 கழித்தால் 17-ஆல் வகுபட வேண்டும். அந்த ஈவு மூன்றாம் எண். 17-ஐ 6-ஆல் வகுத்தால் மீதி 5. மூன்றாம் எண்ணை 5-ஆல் பெருக்கி 7 கூட்டினால் 6-ஆல் வகுபட வேண்டும் என்ற நிலையில், அது 1 என்று பார்த்தவுடன் தெரிகிறது. இனி வந்த வழியே திரும்பலாம். 17-உம் 7-உம் சேர்ந்த 24-ஐ 6-ஆல் வகுத்தால் இரண்டாம் எண் 4. நான்கு 23, அதாவது 92-இல் 7 போக 85. அதை 17-ஆல் வகுத்தால் 5. குவியலுக்கு 5 பழம், மொத்தம் 322, ஆளுக்கு 14. குவியலின் அளவில் 23 கூட்டிக்கொண்டே போனால் அடுத்தடுத்த விடைகளும் கிடைக்கும். கதையில் எந்தப் பொருள் வந்தாலும் இந்த ஏற்ற இறக்கம் மாறாது. குட்டகத்தின் பெருமை அதில்தான் உள்ளது.

எந்தக் கணக்குக்கு விடையே இல்லை என்பதும் கவனிக்கப்பட்டது. 6-ஆல் வகுத்தால் 1-உம் 4-ஆல் வகுத்தால் 2-உம் மிஞ்சும் எண் ஒன்று இருக்க முடியாது. முதல் நிபந்தனை ஒற்றை எண்ணையும் இரண்டாவது இரட்டை எண்ணையும் கேட்கிறது. வகுபடும் எண்ணுக்கும் (பழக் கணக்கில் 63) வகு எண்ணுக்கும் (23) பொதுவான காரணி, கூட்டும் எண்ணை (7) வகுக்காவிட்டால் அக்கணக்கே பிழையானது என்று இரண்டாம் பாஸ்கரரின் லீலாவதி (1150) விதி கூறுகிறது.

2 முதல் 6 வரை எதனால் வகுத்தாலும் 1 மிஞ்சி, 7-ஆல் மட்டும் மீதியின்றி வகுபடும் எண்ணைக் கேட்கும் கணக்கு முதலாம் பாஸ்கரரின் உரையில் உள்ளது. 1000-ஐ ஒட்டி அரபு அறிஞர் இப்னு அல்-ஹைதமும், 1202-இல் இத்தாலியின் ஃபிபொனாச்சியும் அதையே எடுத்தாண்டனர். மிகச் சிறிய விடை 301. இப்னு அல்-ஹைதம் 1 முதல் 6 வரையுள்ள எண்களைப் பெருக்கி 1 கூட்டி 721 என்ற இன்னொரு விடையையும் பெற்றார். பகா எண்களின் ஆழமான பண்பொன்று அதில் அடங்கியிருக்கிறது.

சீனாவில் பொதுமுறை 1247-இல் சின் ஜியுஷாவின் நூலில் நிறைவுபெற்றது. பொதுக் காரணி கொண்ட வகு எண்களையும் அவர் கையாண்டார். ஒரே அளவு அரிசி நிறைந்த மூன்று பீப்பாய்களிலிருந்து மூன்று திருடர்கள் இருட்டில் ஆளுக்கொரு பாத்திரத்தால் அள்ளிச் செல்கின்றனர். பாத்திரங்கள் 19, 17, 12 அளவு கொள்பவை. எஞ்சியவை முறையே 1, 14, 1. ஒவ்வொரு பீப்பாயிலும் 3,193 அளவு அரிசி இருந்தது என்று அவர் கணித்தார்.

ஐரோப்பாவில் கணித அறிஞர் காஸ் 1801-இல் வெளியிட்ட எண்கோட்பாட்டு நூல், ஒருங்கிசைவு (ஒரே மீதி தருதல்) என்ற குறியீட்டு மொழியில் இக்கணக்குகள் அனைத்தையும் அடக்கியது. ஆங்கிலேய அறிஞர் கோல்புரூக் 1817-இல் பிரம்மகுப்தரையும் இரண்டாம் பாஸ்கரரையும் ஆங்கிலத்தில் தந்தார். சுன் சூவின் கணக்கை ஆங்கிலேயரான வைலி 1852-இல் ஐரோப்பியருக்கு அறிமுகப்படுத்தினார். இம்முறைக்குப் பாடநூல்களில் நிலைத்தது சீன மீதித் தேற்றம் என்ற பெயரே. பொதுமுறையை எழுத்தில் முதலில் தந்த ஆரியபடருக்கு அப்பெயரில் இடமில்லாதது வரலாற்றுக்கு நேர்மையான தீர்ப்பன்று. இத்தேற்றத்துக்கு இன்றும் வேலை உண்டு: 1977-இல் உருவான ஆர்எஸ்ஏ மறையாக்க முறையில், மறைச்செய்தியை இரு பகா எண்களின் மீதிகளாகப் பிரித்துக் கணித்துப் பின் இத்தேற்றத்தால் இணைப்பது வழக்கம்; நேரடிக் கணிப்பைவிட அது ஏறத்தாழ 4 மடங்கு விரைவானது.