வெளி டிஜிட்டல்–அனலாக் மாற்றி (டி.ஏ.சி.)

எண்களாகப் பதிவான இசையை, பெருக்கி ஏற்கும் மின்னலையாக மாற்றும் தனிக் கருவி. செல்பேசி, மடிக்கணினி, தொலைக்காட்சி ஆகியவற்றுக்குள்ளேயே இதே வேலையைச் செய்யும் சில்லு உண்டு. ஆகவே வெளியே இன்னொன்று தேவையா என்பது வீட்டுக்கு வீடு மாறும். 1982இல் விற்பனைக்கு வந்த குறுந்தகடு, நொடிக்கு 44,100 மாதிரிகளையும் 16 பிட் ஆழத்தையும் கொண்டது. அதன் ஒலிவீச்சு ஏறத்தாழ 96 டெசிபெல். இன்றைய மலிவான சில்லுகள் பலவும் இதை எட்டிவிடுகின்றன.

வெளி மாற்றியின் பயன் தெளிவாகத் தெரிவது மின் இரைச்சல் உள்ள இடத்தில்தான். திருப்பூர் வீரபாண்டி போன்ற பனியன் தொழில் பகுதிகளில், பின்னலாடை எந்திரங்களின் மோட்டார்களும் அவற்றின் வேகக் கட்டுப்பாட்டுக் கருவிகளும் மின்கம்பியில் இரைச்சலைக் கலக்கக்கூடும். மடிக்கணினியைச் சார்ஜரில் செருகியதும் ஸ்பீக்கர் ‘ம்ம்’ என்று முனகினால், பெரும்பாலும் அது 50 ஹெர்ட்ஸ் மின்சாரம் எர்த் இணைப்பு வழியே சுற்றிவருவதன் விளைவு. யு.எஸ்.பி. வழி இணையும் மாற்றியிலும் அதே சுற்று நீடிக்கலாம். ஒளியிழைக் கம்பியில் மின்தொடர்பே இல்லாததால் அந்த வழியில் சுற்று அறுபடும்.

உள்ளிருக்கும் சில்லையும் வெளி மாற்றியையும் ஒப்பிடும்போது இரண்டின் ஒலியளவும் சமமாக இருக்க வேண்டும். சற்று உரக்க ஒலிப்பதே காதுக்கு நன்றாகப்படும். எது ஒலிக்கிறது என்று அறியாமல் கேட்பதே நம்பகமான சோதனை. இரைச்சல் இல்லாத வீட்டில் அதே பணத்தை ஸ்பீக்கருக்குச் செலவிட்டால் மாற்றம் உடனே கேட்கும். வெற்றுச் சுவரும் டைல்ஸ் தரையும் கெடுக்கும் ஒலியை எந்த மாற்றியும் திருத்தாது.