கீசர் ஏன் தானா அணையுது? ஒரு பாத்ரூம் வரலாறு

போன டிசம்பரில் எங்க வீட்டு கேஸ் கீசருக்கு ஒரு புதுப் பழக்கம் வந்தது. குழாயைத் திறந்தால் டக்கென்று பற்றிக்கொள்ளும், நாலு நிமிஷம் நன்றாக ஓடும், தலையில் ஷாம்பு போட்டு முடிக்கும்போது அணைந்துவிடும். மெக்கானிக் அண்ணன் வந்து மூடியைக் கழற்றினார். செப்புக் குழாயின் மேல் சட்டை பட்டன் சைஸில் ஒரு சமாச்சாரம், அதிலிருந்து ரெண்டு வயர். "இதுதான் தம்பி தொல்லை. ரெண்டையும் சேர்த்து முறுக்கி விட்டுடலாம், அப்புறம் அணையவே அணையாது."

"இது எதுக்குண்ணே இருக்கு?"

"கம்பெனிக்காரன் சும்மா வெச்சிருக்கான்."

சும்மா வைக்கவில்லை. கீசருக்குள் இருக்கிற பாதிப் பாகங்கள் வெந்நீர் தருவதற்காக வந்தவையே இல்லை. நம்மைக் கொல்லாமல் இருப்பதற்காக வந்தவை. அந்தக் கதைதான் இந்த எபிசோட்.

முதலில் லண்டன், 1868. பெஞ்சமின் வாடி மாகன் என்பவர், தொழிலால் பெயின்டர். குழாயைத் திறந்ததும் சுடுதண்ணீர் தரும் ஒரு கருவிக்கு பேட்டன்ட் வாங்குகிறார். கீழே கேஸ் பர்னர். மேலிருந்து பச்சைத் தண்ணீர் கம்பிகள் வழியாக இறங்கும், கீழிருந்து ஏறும் சூடான காற்று அதைச் சுடவைக்கும், நேராகத் தொட்டியில் விழும். ஐஸ்லாந்தில் தரையிலிருந்து பீறிட்டு அடிக்கும் வெந்நீர் ஊற்று ஒன்றுக்கு 'கெய்சிர்' என்று பேர். அதிலிருந்து வந்த சொல்லைத்தான் தன் கருவிக்கு வைத்தார். பிரிட்டனில் இன்று அந்தச் சொல் கிட்டத்தட்ட வழக்கொழிந்துவிட்டது. நாமும் தென்னாப்பிரிக்கர்களும் இன்னும் விடாமல் கீசர், கீசர்னு சொல்லிட்டு இருக்கோம்!

மாகனின் கீசரில் ஒரே ஒரு விஷயம் இல்லை. புகைபோக்கி. எரிந்த வாயு எல்லாம் குளிக்கிற அறைக்குள்ளேயே சுற்றும். அந்தக் காலத்து லண்டன் கேஸ் நிலக்கரியிலிருந்து எடுத்தது, எரிவதற்கு முன்பே அதில் கார்பன் மோனாக்சைடு கணிசமாக இருக்கும். ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமப்பது ஹீமோகுளோபின். அதோடு கார்பன் மோனாக்சைடு ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். நிறம் இல்லை, வாசனை இல்லை. தலை சுற்றும், கால் துவளும், கதவைத் திறக்கணும்னு தோன்றும்போது எழுந்திருக்க முடியாது. 1890-களில் ஜான் ஸ்காட் ஹால்டேன் என்ற விஞ்ஞானி இந்த வாயுவைத் தானே சுவாசித்து, உடம்புக்கு என்ன ஆகிறது என்று குறித்துக்கொண்டார். சுரங்கத்துக்குள் கேனரிக் குருவியைக் கொண்டுபோகும் யோசனையும் அவருடையதுதான்.

அதே பத்தாண்டில் ஜெர்மனியின் டெஸ்ஸாவ் நகரத்தில் ஹூகோ யுங்கர்ஸ் கேஸ் வாட்டர் ஹீட்டர் செய்து விற்க ஆரம்பித்தார். பின்னால், 1915-இல், முழுக்க உலோகத்தாலான விமானத்தைப் பறக்கவிட்ட அதே யுங்கர்ஸ். பாத்ரூம் சாமானில் சம்பாதித்த காசும் தகடு வேலையில் வந்த கைப்பழக்கமும் விமானத்துக்குப் போனது எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம். ஆனால் அது வேறு எபிசோட்.

அமெரிக்காவில் வேறு பிரச்சினை. 1889-இல் பிட்ஸ்பர்க்கில், நார்வேயில் பிறந்த எட்வின் ரூட் தானியங்கி டேங்க் ஹீட்டரைக் கொண்டுவருகிறார். அந்த மாதிரி ஹீட்டர்களில் 'பைலட்' என்று ஒரு சின்னச் சுடர் எப்போதும் எரிந்துகொண்டே இருக்கும், பெரிய பர்னரைப் பற்றவைக்க. ராத்திரி காற்றடித்து அந்தச் சுடர் அணைந்தால்? கேஸ் வந்துகொண்டே இருக்கும். காலையில் யாராவது தீக்குச்சி கிழித்தால் போதும்.

இதற்கான விடை பல வருஷங்களுக்கு முன்பே, 1821-இல், பெர்லினில் கிடைத்திருந்தது. ரெண்டு வேறு உலோகங்களைச் சேர்த்து ஒரு முனையைச் சூடாக்கினால் பக்கத்தில் இருக்கும் காந்த ஊசி அசைகிறது என்று தாமஸ் சீபெக் கண்டார். அவர் அதைக் காந்தம் என்றே நினைத்தார், உண்மையில் அது மின்சாரம். அந்த ஜோடிதான் தெர்மோகப்பிள். பைலட் சுடரில் அதன் நுனியை வைத்தால் சுமார் 30 மில்லிவோல்ட் வரும், ஒரு பென்சில் பேட்டரியில் ஐம்பதில் ஒரு பங்கு. ஒரு குட்டி மின்காந்தம் கேஸ் வால்வைத் திறந்து பிடித்துக்கொள்ள அது போதும். சுடர் அணைந்தால் நுனி ஆறும், காந்தம் கையை விடும், வால்வு மூடும். வெளியிலிருந்து கரன்ட் வேண்டாம், ஆள் வேண்டாம். நெருப்பு தானே தனக்கு அனுமதி கொடுத்துக்கொள்கிறது. என்னைக் கேட்டால் வீட்டுச் சாமான்களிலேயே இதுதான் அழகான ஐடியா. பேட்டரி போடும் நம்ம ஊர் கீசரில் இதே வேலையைச் சுடருக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு கம்பி செய்யும்.

அடுத்தது வாசனை. 1937 மார்ச் 18, டெக்சாஸில் நியூ லண்டன் என்ற ஊரின் பள்ளிக்கூடம். செலவை மிச்சம் பிடிக்க, எண்ணெய் வயலில் மிஞ்சிய கேஸால் கட்டடத்தைச் சூடாக்கினார்கள். அந்த கேஸுக்கு வாசனையே கிடையாது. கசிந்து தரைக்கு அடியில் சேர்ந்தது, யாருக்கும் தெரியவில்லை. மரத்தைத் தேய்க்கும் மெஷினை ஒருவர் ஆன் செய்தார், பொறி பறந்தது. சுமார் 300 பேர் இறந்தார்கள், பெரும்பாலும் குழந்தைகள். அதற்குப் பிறகுதான் டெக்சாஸில் கேஸில் வாசனை கலக்கச் சட்டம் வந்தது. நம்ம சிலிண்டரில் வரும் நாற்றமும் அப்படிக் கலந்ததுதான், எல்.பி.ஜி.க்குச் சொந்த வாசனை இல்லை.

ஆனா ஒண்ணு கவனிங்க. அந்த நாற்றம் காட்டிக்கொடுப்பது கசிவை மட்டும். கேஸ் அரைகுறையாக எரிந்து வரும் கார்பன் மோனாக்சைடை எந்த மூக்காலும் பிடிக்க முடியாது. இந்திய நரம்பியல் மருத்துவர்கள் இதற்கு 'கேஸ் கீசர் சிண்ட்ரோம்' என்றே பேர் வைத்திருக்கிறார்கள். பாத்ரூமில் மயங்கி, வலிப்பு வந்து விழுந்தவர்களைக் கால்கை வலிப்பு என்று தவறாக நினைத்த சம்பவங்களும் உண்டு.

சரி, எங்க வீட்டு பட்டன். உள்ளே ஒரு சின்ன உலோகத் தகடு, சூடு எல்லை தாண்டினால் வளைந்து சர்க்யூட்டை வெட்டும். அப்படியானால் கேட்க வேண்டியது, கீசர் ஏன் இவ்வளவு சூடாகுது? அண்ணனிடம் வயரில் கை வைக்காமல் காயிலைக் கழற்றச் சொன்னேன். முணுமுணுத்துக்கொண்டே கழற்றினார். குழாய்க்குள் போர் தண்ணீர் உப்பு கட்டியாகப் படிந்திருந்தது. வெளித் தகடுகளுக்கு நடுவில் கரி. சுடர் நீலமாக இல்லாமல் மஞ்சளாக எரிந்ததை நாங்கள் யாரும் கவனிக்கவே இல்லை. மஞ்சள் என்றால் கேஸ் முழுசா எரியலைன்னு அர்த்தம்.

அதோடு கொசு வருதேன்னு வென்டிலேட்டரில் அட்டையை ஒட்டி வைத்தது நான்தான். புகைபோக்கி இல்லாத கீசர், காற்று வராத அறை. மாகனின் 1868 பாத்ரூமை அப்படியே நான் கட்டி வைத்திருந்தேன். அந்த பட்டன் மட்டும்தான் ஒத்துக்கொள்ளாமல் நாலு நிமிஷத்துக்கு ஒரு தடவை அணைத்துக்கொண்டிருந்தது. வயரை முறுக்கியிருந்தால் அதுவும் வாயை மூடியிருக்கும்.

கீசர் இப்போ பால்கனிச் சுவரில் இருக்கு, தண்ணீர் மட்டும்தான் உள்ளே வருது. அட்டையைப் பிய்த்தாச்சு. கொசு வருது. உங்க வீட்டு கீசர் எங்கே மாட்டியிருக்குன்னு எழுதுங்க. அடுத்த வாரம் பார்ப்போம்.